நட் கழன்றுவிட்டது, போல்ட் வரவில்லை: பழைய காரின் பின் சஸ்பென்ஷன் புஷ் போல்ட்

அச்சாணி (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள 1972 மாடல் காரின் பின் சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றும் வேலையை இரண்டு வாரங்களுக்கு முன்பு தொடங்கினேன். பின்சக்கரம் ஒவ்வொன்றையும் டிரெயிலிங் ஆர்ம் என்னும், முன்முனையில் கீல்போல அசையும் ஒரு கை தாங்குகிறது. அந்த ஆர்மின் முன்முனையில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ரப்பர் புஷ்கள் (அசைவுக்கு இடம்கொடுக்கும் உருளைகள்) இருக்கின்றன. ஒவ்வொரு புஷ்ஷின் நடுவிலும் உள்ள உருக்குக் குழலின் வழியாக 12 மி.மீ. போல்ட் ஒன்று சென்று, குறுக்குச் சட்டத்து பிராக்கெட்டின் இரண்டு காதுகளையும் இணைக்கிறது.

வலப்பக்கத்து போல்ட்கள் இரண்டும் வந்துவிட்டன. இடப்பக்கத்தில் உள் போல்ட்டும் வந்துவிட்டது. வெளி போல்ட்தான் வர மறுக்கிறது. நட்டை அதிகச் சிரமமின்றிக் கழற்றிவிட்டேன். ஆனால் போல்ட் தலையில் 19 ரிங் ஸ்பேனரை மாட்டி, ஒரு மீட்டர் நீளக் குழாயைச் சொருகி இழுத்தால், கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்புகிறது. பிடியைத் தளர்த்தியதும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. மூன்று நாள்களாகக் காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்தேன். இரண்டு கிலோ சுத்தியலால் மரை முனையில் அடித்ததில், முனை காளான் குடைபோல விரியத் தொடங்கியதால் நிறுத்திவிட்டேன். அடுத்து இன்னும் நீளமான குழாயைப் போடுவதா, அல்லது கேஸ் வைத்துச் சூடாக்குவதா என்று தெரியவில்லை. இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெம்புகோல்

நண்பரே, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. போல்ட் திரும்பிவிட்டுத் தானாகப் பழைய இடத்துக்கு வருகிறது என்றீர்களே, அதுதான் இங்கே முக்கியமான அடையாளம். மரை இறுகிய போல்ட் அப்படிச் செய்யாது. அது அசையாமல் நிற்கும், அல்லது கிரீச்சென்று சிறிது சிறிதாக நகரும், அல்லது முறியும். உங்கள் போல்ட் தன்னைச் சுற்றியுள்ள உள் குழலோடு துருவால் ஒன்றாகிவிட்டது. நீங்கள் இழுக்கும்போது போல்ட்டும் குழலும் சேர்ந்து சுழல்கின்றன, அவற்றைச் சுற்றியுள்ள ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, கையை விட்டதும் அந்த ரப்பர் இரண்டையும் பின்னோக்கிச் சுழற்றிவிடுகிறது. நீங்கள் இதுவரை போராடியது துருவோடு அல்ல, ரப்பரோடு.

ஆகவே நீளமான குழாய் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் குழாயின் முனையில் 40 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுத்தால் ஏறத்தாழ 390 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கிறது. 8.8 என்ற வலிமைத் தரத்து உருக்கில் செய்த 12 மி.மீ. தண்டு ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டரிலேயே முறுக்கி முறிந்துவிடும். ரப்பர் விட்டுக்கொடுப்பதால்தான் உங்கள் போல்ட் இன்னும் உடையாமல் இருக்கிறது. நட்டுக்குள் மரை பிடித்திருக்கும் நீளம் சுமார் 10 மி.மீ. மட்டுமே. குழலுக்குள் தண்டு பிடித்திருக்கும் நீளமோ 60 மி.மீ. வரை இருக்கும். அதனால்தான் நட் எளிதாகக் கழன்றபின்னும் போல்ட் வர மறுக்கிறது.

எங்கே இறுகியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கருவியைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் அனுபவம். நட்டில் இறுகியிருந்தால் சூடு உதவும். காதுத் துளையில் இறுகியிருந்தால் தட்டுதல் உதவும். குழலுக்குள் இறுகியிருந்தால் பெரும்பாலும் அறுப்பதுதான் வழி.

இனி ஒரு கேள்வி, இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேற்கொண்டு எதையும் தொடுங்கள்: சுருள்வில் இன்னும் இடத்தில்தான் இருக்கிறதா?

அச்சாணி

விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. ரப்பர்தான் திருப்பி அனுப்புகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சுருள்வில் இடத்தில்தான் இருக்கிறது. வண்டியின் உடல் இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. ஆர்மின் பின்முனைக்கு அடியில் ஜாக்கி வைத்திருக்கிறேன். ஷாக் அப்சார்பரும் இன்னும் மாட்டியபடியே உள்ளது.

துருப்பகை

அப்படியானால் முதலில் உள் போல்ட்டைப் பழையபடி துளையில் செலுத்தி, நட்டை விரலால் பூட்டிவிடுங்கள். உங்கள் ஆர்மின் முன்முனையை இப்போது பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் துருப்பிடித்த ஒரே போல்ட்தான். அமுங்கிய சுருள்வில் ஆர்மைக் கீழ்நோக்கித் தள்ளியபடி இருக்கிறது. வில்லின் விசை இருக்கும்போது அந்தப் போல்ட் முறிந்தாலோ, நீங்கள் அறுத்துவிட்டாலோ, ஆர்மின் முன்முனை எந்தத் திசையில் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் முகம் அந்த நேரத்தில் ஒரு முழ தூரத்தில்தான் இருக்கும்.

வில்லை முதலில் வெளியே எடுங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ்ப்பிடிப்பைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்கினால், பெரும்பாலான இத்தகைய அமைப்புகளில் ஆர்ம் தாழ்ந்து வில் தளர்ந்துவிடும். இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, சக்கரத்துக்குச் செல்லும் அச்சுத்தண்டின் மூட்டு அளவுக்கு மேல் மடங்குகிறதா என்று இரண்டையும் பார்த்துக்கொண்டே இறக்குங்கள். ஷாக் அப்சார்பர்தான் ஆர்ம் எவ்வளவு தூரம் தாழலாம் என்பதற்கு எல்லை வகுப்பது. அதைக் கழற்றிய பிறகு அந்த எல்லை இல்லை. வில்லைச் சுற்றி ஒரு சங்கிலியைத் தளர்வாகக் கட்டிச் சட்டத்தோடு இணைத்துவைப்பது இரண்டு நிமிட வேலை. நான் ஒருமுறைகூட அதைத் தவிர்த்ததில்லை.

நட் கழன்றிருப்பதில் ஒரு நன்மை உண்டு. போல்ட்டும் குழலும் சேர்ந்து காதுகளுக்கிடையே சுழலக்கூடிய நிலையில் இருப்பதால், ஆர்ம் தாழ்வதற்கு இறுகிய போல்ட் தடையாக இருக்காது.

ஊதுலை

நான் வேறு கருத்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாக இரும்பைச் சூடாக்கியே வேலை செய்பவன் நான். குழலைச் செந்நிறமாகும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் சூடாக்கி எடுத்த புஷ் போல்ட்கள் ஏராளம். சூட்டின் வேலை வெறும் விரிவு மட்டுமல்ல. உருக்கு ஒரு டிகிரிக்கு ஒரு மில்லியனில் 12 பங்குதான் விரியும். குழலின் வெப்பத்தை போல்ட்டைவிட 300 டிகிரி உயர்த்தினாலும் 12 மி.மீ. துளை 0.04 மி.மீ. அளவே அகலும், அது ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. ஆனால் துரு நொறுங்கும் தன்மை உடையது, நீளாது. இரும்பு விரிந்தும் சுருங்கியும் ஆடும்போது இடையிலுள்ள துருவில் விரிசல் விழுகிறது. அந்த விரிசலுக்குள் எண்ணெயோ உருகிய மெழுகோ இறங்க வழி கிடைக்கிறது. ஆகவே ஒரே முறை அதிகமாகச் சூடாக்குவதைவிட, மூன்று நான்கு முறை சூடாக்கி ஆறவிடுவதே பலன் தரும். சூடாக இருக்கும்போதே அவசரப்பட்டு இழுப்பவர்கள்தான் போல்ட்டை முறிக்கிறார்கள்.

புஷ்ஷை எப்படியும் தூக்கி எறியப்போகிறீர்கள் என்பதால் ரப்பர் எரிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நெம்புகோல்

ஊதுலை ஐயாவின் சொல்லை நான் மதிக்கிறேன். சூட்டைப் பற்றி அவர் சொன்னது அனைத்தும் சரி. நட்டோடு இறுகிய போல்ட்டாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் இந்தக் குழலைச் சுற்றி ரப்பர் இருக்கிறது. சுடர் குழலைத் தொடுவதற்கு முன்பு ரப்பரைத்தான் தொடும். எரியும் ரப்பர் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும், அணைத்துவிட்டோம் என்று நினைத்தபின் மறுபடியும் பற்றும். இந்த வகைக் கார்களில் பெட்ரோல் டேங்கும் அதன் குழாயும் பின் சஸ்பென்ஷனுக்கு மிக அருகில் இருக்கின்றன. அடிப்பாகத்தில் பூசிய தாரும் தீப்பிடிக்கக்கூடியது. நண்பர் மூன்று நாள்களாகத் தெளித்திருக்கும் எண்ணெயும் அந்த இடம் முழுவதும் ஊறியிருக்கிறது. ஆர்மைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தால் சூடாக்குங்கள் என்பேன். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்ய வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இன்னொன்றையும் படிப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பரின் மேல் எக்காரணம் கொண்டும் சுடரைக் காட்டக் கூடாது. அந்தக் காலத்துப் போல்ட்கள் சிலவற்றில் காட்மியம் பூச்சு இருக்கும். அதைச் சூடாக்கினால் வரும் புகை நுரையீரலுக்குக் கடும் நஞ்சு.

ஊதுலை

ஒப்புக்கொள்கிறேன். என் வேலையெல்லாம் சட்டத்தை வெளியே எடுத்து வைத்துச் செய்தவை. டேங்க் அருகில் இருக்கும் நிலையை நான் கணக்கில் கொள்ளவில்லை. சுடரில்லாத மின்தூண்டல் ஹீட்டர் இருந்தால் நட்டை மட்டும் சில நொடிகளில் செந்நிறமாக்க முடியும். ஆனால் அதன் சுருளை இந்தக் குழலைச் சுற்றி நுழைக்க இடமிருக்காது. இந்தப் போல்ட்டுக்கு அறுப்பதே சரி.

புதுச்சக்கரம்

இடையில் ஒரு சிறு கேள்வி கேட்கலாமா? மூன்று நாள் எண்ணெய் விட்டும் ஏன் உள்ளே இறங்கவில்லை? நானும் என் வண்டியில் ஒரு வாரமாக எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன். அதோடு, என் முன் சஸ்பென்ஷன் போல்ட் தலைகளில் இரண்டு மழுங்கிவிட்டன. 13 ஸ்பேனர் போட்டுத்தான் திருப்பினேன்.

துருப்பகை

எண்ணெயைப் பற்றி முதலில் சொல்கிறேன். இரும்பு துருவாகும்போது அது பிடிக்கும் இடம் மூல இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். குழலுக்கும் தண்டுக்கும் இடையில் தொடக்கத்தில் இருந்த சிறிய இடைவெளியைத் துரு நிரப்பி, அதன்பின்னும் பெருக முயன்று இரண்டையும் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட துருவுக்குள் எண்ணெய் புகுவதற்கு நுண்துளைகள் மட்டுமே உண்டு. மேலும் குழலின் இரு முனைகளும் பிராக்கெட் காதுகளோடு அழுத்தி மூடப்பட்டிருப்பதால், நீங்கள் தெளிப்பதில் பெரும்பகுதி காதின் வெளிப்புறத்திலேயே வழிந்து போகிறது. திறந்திருக்கும் மரைக்கு எண்ணெய் நன்றாக வேலை செய்யும்; ஓர் இரவு ஊறவிட்டு, லேசாகத் தட்டி, மறுபடியும் விடலாம். 60 மி.மீ. குழலுக்குள் அது பாதி தூரம்கூடப் போகாது.

போல்ட் தலை மழுங்கியதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். உங்கள் வண்டி அங்குல அளவில் செய்யப்பட்டதா என்று பாருங்கள். அரை அங்குலத் தலை 12.7 மி.மீ.; அதில் 13 ஸ்பேனர் மாட்டும், ஆனால் 0.3 மி.மீ. ஆடும். இறுகிய போல்ட்டில் அந்த ஆட்டமே மூலைகளைத் தின்றுவிடும். முக்கால் அங்குலத்துக்கு 19 ஸ்பேனர் சரியாகப் பொருந்தும், ஏனென்றால் முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. தற்செயலாகப் பொருந்தும் இந்த ஒரு அளவைப் பார்த்து மற்ற அளவுகளையும் அப்படியே நம்பிவிடுகிறோம். இறுகிய தலைக்கு எப்போதும் ஆறு முகச் சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முகச் சாக்கெட் மூலைகளை மட்டும் பிடிப்பதால் வழுக்கிவிடும். தலையைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்துவிட்டு, சாக்கெட் அடிவரை அமர்கிறதா என்று பார்த்த பிறகே விசை கொடுங்கள்.

வெண்கலப்புரி

நான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவன். 1962 முதல் 1980 வரை வந்த அந்த வண்டியை வைத்திருப்போருக்கு இந்த விவாதம் மிகப் பழக்கமானது. அதன் முன் சஸ்பென்ஷனின் கீழ்முனையில் டிரன்னியன் என்ற வெண்கல வார்ப்பு ஒன்று உண்டு. அதன் குறுக்கே செல்லும் போல்ட் அங்கேயும் உருக்குக் குழல் ஒன்றுக்குள் இறுகிக்கொள்ளும். பொறுமையிழந்து வெண்கலத்தின் மேலேயே சுத்தியலால் அடித்து, விரிசல் விட்டபின் வருந்தியவர்களில் நானும் ஒருவன். நெம்புகோல் அவர்கள் சொன்னதுபோல அதையும் இருபுறமும் அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. புதிய டிரன்னியன் வாங்குவோர் கவனிக்க: இடமும் வலமும் மரைத் திசையில் வேறுபடும். அதற்குக் கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும். அந்த எண்ணெய் வறண்டுபோன வண்டிகளில் தாங்குதண்டு மரைப்பகுதியில் முறிந்து சக்கரம் மடங்குவதுண்டு.

அச்சாணி

நேற்று வில்லை எடுக்க முனைந்தேன். உள் போல்ட்டை மீண்டும் பூட்டி, சங்கிலியும் கட்டி, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைத் திருப்பியபோது அது முறிந்துவிட்டது. அது ஆர்முக்குள்ளேயே மரையிட்டுச் செல்லும் 10 மி.மீ. போல்ட். மேற்பரப்புக்கு மேல் ஏறத்தாழ 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. முறிவதற்கு முன் ஸ்பேனர் திடீரென்று மென்மையாகத் திரும்பத் தொடங்கியது. கழல்கிறது என்று மகிழ்ந்த அடுத்த நொடியில் தலை கையோடு வந்துவிட்டது. ஷாக் அப்சார்பர் விடுபட்டதால் ஆர்மைத் தாழ்த்தி வில்லை வெளியே எடுத்துவிட்டேன். ஆனால் இந்த முறிந்த துண்டை நினைத்து இரவெல்லாம் உறக்கமில்லை.

நெம்புகோல்

வில் வெளியே வந்துவிட்டதே, பெரிய அபாயம் நீங்கிவிட்டது. முறிந்த துண்டை இப்போது தொடாதீர்கள். அந்த ஆர்ம் எப்படியும் வண்டியிலிருந்து வெளியே வரப்போகிறது. அதன்பின் மேசைமேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில், ஊதுலை ஐயாவின் முறைப்படியே எடுக்கலாம். 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பது உண்மையிலேயே நல்ல செய்தி.

அந்த மென்மையை மட்டும் நினைவில் வையுங்கள். இறுகிய போல்ட் விடுபடும்போது பெரும்பாலும் படீரென்ற ஒலியோடு விடும், பிறகு உராய்ந்தபடி சுழலும். ஒலியே இல்லாமல் வெண்ணெய்போலத் திரும்பினால் உருக்கு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நொடியில் நிறுத்தி, எதிர்த்திசையில், அதாவது இறுக்கும் பக்கம், சிறிது திருப்பி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். நின்றுபோன போல்ட்டை முதலில் சற்று இறுக்கிப் பார்த்துவிட்டுக் கழற்றத் தொடங்குவதும் அதற்காகத்தான்.

இனி புஷ் போல்ட்டை அறுக்கும் முறை. காதுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் மெல்லிய இடைவெளி ஒன்று தெரியும். அங்கே உள் குழலின் முனை ஓரிரு மி.மீ. வெளியே நீண்டு காதைத் தொட்டுக்கொண்டிருக்கும். அறுக்க வேண்டிய இடம் அதுதான்: குழலின் அந்த விளிம்பையும் அதனுள் உள்ள போல்ட்டையும் சேர்த்து அறுக்கிறீர்கள். முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பம் இருந்தால் நல்லது. உலோகத்துக்கான பிளேடாக, அங்குலத்துக்கு 14 முதல் 18 பற்கள் உள்ளதாக இருக்கட்டும். மின்ரம்பம் இல்லையென்றால் கையால் பிடிக்கும் ஆக்சா பிளேடும் அறுக்கும். அரை நாள் ஆகும், அவ்வளவுதான். வேகம் குறைவாக வையுங்கள். பிளேடு நீலமாகிவிட்டால் பற்கள் செத்துவிட்டன, மாற்றிவிடுங்கள். காதின் உட்பக்கத்தில் ஒரு தகட்டைச் சொருகிவைத்தால் பிளேடு சாய்ந்தாலும் தகட்டைத்தான் கீறும். புஷ்ஷும் ஆர்மின் விளிம்பும் எவ்வளவு காயப்பட்டாலும் சரிசெய்யலாம்; சட்டத்தில் உள்ள பிராக்கெட் காதில் ஆழமான வெட்டு விழுந்தால் அது பிற்காலத்தில் விரிசலாக வளரும். ஐயமிருந்தால் எப்போதும் புஷ் பக்கமாகவே சாயுங்கள்.

கிரைண்டரின் கட்டிங் வீலை அங்கே கொண்டுபோக வேண்டாம். பொறி பறக்கும் இடத்தில் பெட்ரோல் குழாய் இருக்கிறது.

அச்சாணி

இன்று காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் இரண்டு வெட்டுகளையும் முடித்துவிட்டேன். உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

பிறருக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். வெளிப்பக்க வெட்டுக்கு 40 நிமிடம் ஆயிற்று. முதல் பத்து நிமிடம் பிளேடு ரப்பரில் சிக்கி இழுத்துக்கொண்டே இருந்தது. பழைய உளி ஒன்றால் ரப்பரின் உதட்டைச் செதுக்கி எடுத்த பிறகு குழலின் விளிம்பு பளபளப்பாகத் தெரிந்தது, பிளேடு அங்கே அமர்ந்ததும் வேலை சீராக நடந்தது. குழலை அறுத்துப் போல்ட்டைத் தொட்டபோது ஒலியே மாறியது. கரகரப்பாக இருந்த ஒலி மெல்லிய கூர்மையான ஒலியாக மாறியதை வைத்தே எவ்வளவு ஆழம் போயிருக்கிறேன் என்று அறிய முடிந்தது. உட்பக்க வெட்டில் சட்டத்தின் மூலை இடித்ததால் பிளேடின் நீளத்தைப் பாதியாக ஒடித்துப் பயன்படுத்தினேன். மொத்தம் நான்கு பிளேடுகள் தீர்ந்தன.

இரண்டாம் வெட்டு முடியும் தறுவாயில் பிராக்கெட்டின் காதுகள் பிளேடை இறுகப் பிடித்துக்கொண்டன. ஒரு சிறிய ஆப்பைச் சொருகி இடைவெளியைத் திறந்து முடித்தேன். ஆர்மைத் தாங்க அடியில் மரக்கட்டை வைத்திருந்ததால் அது சில மி.மீ. மட்டுமே இறங்கியது.

மேசையில் வைத்து அந்தப் புஷ்ஷை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். குழலுக்கும் தண்டுக்கும் இடையில் இடைவெளி என்று ஒன்று இல்லவே இல்லை. செம்பழுப்பும் கருமையும் கலந்த ஒரே அடுக்காக, கல்லைப்போல இறுகியிருந்தது. இரு முனைகளிலும் ஏழெட்டு மி.மீ. தூரம் மட்டும் எண்ணெய் இறங்கிக் கறுத்திருந்தது. நடுவில் அது ஒரு துளிகூடப் போகவில்லை. துருப்பகை அவர்கள் சொன்னதைக் கண்ணால் பார்த்தேன்.

ஊதுலை

மகிழ்ச்சி. இப்போது அந்த முறிந்த துண்டு என் முறை. முதலில் ஆர்மில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் ரப்பரையும் முழுவதும் துடைத்தெடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டாம். அதன் எச்சத்தின் மேல் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகும். துண்டைச் சுற்றியுள்ள பெயிண்டையும் முலாமையும் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்படி செய்யுங்கள். பிறகு முறிந்த முனையின் மேல் 10 மி.மீ. போல்ட்டுக்குரிய பூச்சில்லாத நட் ஒன்றை வைத்து, அதன் துளைக்குள்ளிருந்து வெல்டிங் செய்து, துண்டையும் நட்டையும் ஒன்றாக்கி நிரப்புங்கள். நடுவிலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் ஆர்மின் இரும்போடும் ஒட்டிக்கொள்ளும்.

வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். செந்நிறம் மறையும்வரை காத்திருந்து, ஒரு மெழுகுவர்த்தித் துண்டை மரையின் ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். அதன்பின் ஸ்பேனரை மாட்டி இருபுறமும் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். முதல் நட் பிய்ந்து வந்தால் மனம் தளர வேண்டாம், இன்னொன்றை வைத்து வெல்டிங் செய்யுங்கள். இரண்டாம் மூன்றாம் முறையில் வந்த துண்டுகளே அதிகம்.

நீட்டிக்கொண்டிருக்காமல் உள்ளே முறிந்திருந்தால் நடுவில் புள்ளி வைத்து, இடப்புரி டிரில் பிட்டால் துளையிடச் சொல்லியிருப்பேன். துளையிடும்போதே துண்டு கழன்று வருவதுண்டு. முறிந்த துண்டில் இட்ட துளைக்குள் திருகி அதைக் கழற்றும் கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டரை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அது மிகக் கடினமான, ஆனால் எளிதில் முறியும் உருக்கு. துளைக்குள் முறிந்துவிட்டால் சாதாரண டிரில் அதைத் தொடவே தொடாது.

அச்சாணி

இரண்டாவது நட்டில் வந்துவிட்டது ஐயா! மெழுகு உள்ளே இழுபடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூடான மணலில் நீர் ஊறுவதுபோல ஓரத்தில் வட்டமாக மறைந்தது. மரை வெட்டும் டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்தேன், மரை சேதமடையவில்லை.

இனி பூட்டும் வேலை. புதிய புஷ்கள் அழுத்தி ஏற்றப்பட்டுவிட்டன. புதிய போல்ட்களாகத் துருப்பிடிக்காத எஃகில் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். இன்னொரு முறை இதே துன்பம் வரக் கூடாது.

துருப்பகை

வேண்டாம். பொதுவாகக் கிடைக்கும் ஏ2-70 வகைத் துருப்பிடிக்காத போல்ட்டின் நெகிழ்வு எல்லை 450 மெகாபாஸ்கல். உங்கள் பழைய 8.8 போல்ட்டுக்கு அது 640. தலையில் பொறித்த எண்ணிலேயே கணக்கு இருக்கிறது: முதல் எட்டு, இழுவலிமை 800 என்பதைச் சொல்கிறது, அடுத்த எட்டு, அதில் பத்தில் எட்டுப் பங்கில் உருக்கு நிலையாக நீளத் தொடங்கும் என்பதைச் சொல்கிறது. அதோடு, துருப்பிடிக்காத எஃகின் மரைகள் இறுக்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. கையேட்டில் குறித்த தரத்திலேயே புதிய போல்ட்டும் புதிய பூட்டு நட்டும் போடுங்கள். தண்டின் வழவழப்பான பகுதி பழையதன் நீளமே இருக்க வேண்டும். காதுத் துளைக்குள் மரை அமர்ந்தால் அது துளையை அராவிவிடும்.

துருவைத் தடுக்க வேண்டியது தண்டில்தான். குழலுக்குள் போகும் பகுதி முழுவதும் நீர் புகாத கிரீஸ் அல்லது ஆன்டி-சீஸ் (உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) பூசிச் செலுத்துங்கள். மரையில் பூச வேண்டாம். மரை வழுக்கினால் அதே முறுக்குவிசையில் போல்ட் கூடுதலாக இழுபடும். கையேட்டின் எண் உலர்ந்த மரைக்கானது என்றால் அது பொருந்தாமல் போகும். ரப்பரின் மேலும் படாமல் பாருங்கள். கனிம எண்ணெய் கலந்த கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

நெம்புகோல்

நட்களை இப்போது இறுதியாக இறுக்கிவிடாதீர்கள். குழலின் முனைகள் காதுகளுக்கிடையே இறுகியதும், ஆர்மின் அசைவு முழுவதையும் ரப்பரின் முறுக்கமே ஏற்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கிய நிலையிலேயே வாழ வேண்டியிருக்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும், வண்டியும் சற்று உயர்ந்தே நிற்கும். விரலால் இறுக்கி, வில்லையும் ஷாக் அப்சார்பரையும் சக்கரத்தையும் மாட்டி, நான்கு சக்கரங்களும் தரையில் நிற்க, வண்டியை முன்னும் பின்னும் சிறிது உருட்டி அமரவிட்டு, அதன்பின் கையேட்டின் முறுக்குவிசைக்கு இறுக்குங்கள். அடியில் நுழைய இடமில்லையென்றால் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் ஒரே உயரத்தில் சாய்தளமோ உறுதியான கட்டைகளோ வைக்கலாம். வண்டியின் எடை சக்கரத்தின் மேலேயே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

போல்ட்டைச் செலுத்தும் திசையையும் கவனியுங்கள். பழைய போல்ட் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அதே பக்கத்திலிருந்து போகட்டும். சில வண்டிகளில் டேங்கோ சட்டமோ பிற்காலத்தில் வழிமறிக்கும்.

அச்சாணி

நேற்று மாலை முடித்தேன். வண்டி தன் கால்களில் நிற்க, கட்டைகளின் மேல் ஏற்றி, நான்கு நட்களையும் கையேட்டின் அளவுக்கு இறுக்கினேன். இடப்பக்க வெளி போல்ட்டை இறுக்குவதற்கு முன், ஒரு விரலால் தலையைத் தொட்டுச் சுழற்றிப் பார்த்தேன். குழலுக்குள் கிரீஸில் வழுக்கிச் சுழன்றது. போல்ட்டின் இரு முனைகளிலும் மெழுகுப் பூச்சு அடித்திருக்கிறேன். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் நான்கையும் மறுபடியும் சரிபார்த்துவிட்டு, சக்கர அலைன்மென்ட் பார்த்த விவரத்தையும் இங்கே எழுதுகிறேன்.

புதுச்சக்கரம்

என் வண்டியும் அங்குல அளவுதான். அரை அங்குல ஆறு முகச் சாக்கெட் வாங்கினேன். மழுங்கிய இரண்டில் ஒன்று இன்று காலை வந்துவிட்டது. இன்னொன்றில் சாக்கெட் வழுக்குகிறது. அதை எண்ணெயில் ஊறவிட்டிருக்கிறேன், நாளை படம் எடுத்துப் போடுகிறேன்.